கொறங்காட்டு மண்ணில் வளையம் விழுந்தால் புது ஆன்டிபயாடிக்கா?

வாசகர் கேள்வி, ஜூன் 14

காங்கயம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கொறங்காடு, அதாவது மேய்ச்சக்காடு, இருக்குதுங்க. பாப்பா கோயமுத்தூர்ல எம்.எஸ்சி. மைக்ரோபயாலஜி படிக்கறா. லீவுக்கு வந்தவ கிளுவை வேலியோரம் மண்ணு எடுத்துட்டுப் போனா. அதுல வளந்த ஒரு பாக்டீரியா சீழ்ப்புண் கிருமியக் கொல்லுதுங்களாமா. தட்டுல வளையம் விழுந்த போட்டோவும் அனுப்பியிருக்கறா. அப்ப இது புது ஆன்டிபயாடிக்தானுங்களே? பேட்டன்ட் வாங்கோணும்னா யாரப் பாக்கறது? மண்ணு இன்னும் வேணும்னாலும் இருக்குது.

ஜூன் 14, இரவு

வளையம், அதாவது பாக்டீரியாவைச் சுற்றி எதிரிக் கிருமி வளராமல் விட்ட வட்டம், விழுந்தது நிஜம். புதுசு என்பதற்கு அது சாட்சி ஆகாது.

கிளுவை வேலியோரம்தான் என்றில்லை, என் உரக்கடைக்குப் பின்னால் இருக்கும் குப்பைமேட்டில் ஒரு சிட்டிகை எடுத்துத் தட்டில் போட்டாலும் ஏதோ ஒன்று பக்கத்தில் இருப்பதைக் கொல்லும். ஒரு கிராம் மண்ணில் கோடிக்கணக்கில் பாக்டீரியா. அதில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற கூட்டத்துக்கு நம் ஊர் வறட்சி ஒரு பொருட்டே இல்லை. மழை இல்லாத மாதங்களில் வித்தாகிக் கிடக்கும், ஈரம் பட்டதும் எழுந்துகொள்ளும். முதல் மழைக்குக் கிளம்பும் மண்வாசனையில் பெரும்பங்கு அது விடுகிற ஜியோஸ்மின்தான். வளர்ந்த தட்டைத் திறந்தாலும் அதே வாசனை வரும். பாப்பாவின் தட்டில் சுண்ணாம்புப் பொடி தூவியது போன்ற கெட்டியான புள்ளிகள் இருந்து, லூப் என்ற கம்பியால் சுரண்டினால் தோல் மாதிரி பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் இந்தக் கூட்டம்தான்.

பேட்டன்ட் பேச்சை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள் அண்ணா.

ஜூன் 15

ராத்திரி அவசரத்தில் விட்டதைச் சொல்கிறேன்.

1943-ல் அமெரிக்காவின் நியூஜெர்சியில், ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற மாணவர் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார். காசநோய்க்கு முதல் மருந்து. அதைத் தந்த இரண்டு வகைகளில் ஒன்று எரு நிறையப் போட்ட வயல் மண்ணில் கிடைத்தது, இன்னொன்று ஒரு கோழியின் தொண்டையில். (நாமக்கல்காரர்கள் குறித்துக்கொள்ளலாம்.) அதற்கப்புறம் இருபது வருடம் உலகம் முழுக்க மண்ணை அள்ளிச் சலித்தார்கள். மிஷனரி போர்னியோவிலிருந்து அனுப்பிய மண்ணில் வான்கோமைசின், பிலிப்பைன்ஸ் மண்ணில் எரித்ரோமைசின், மிசௌரியில் ஒரு பழைய சோதனை வயலில் ஆரியோமைசின். இந்தக் கடைசி வேலை நடந்த லெடர்லே நிறுவனத்தில் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் நம் பீமவரத்து எல்லாப்பிரகட சுப்பாராவ்.

சிக்கல் அங்கேதான் ஆரம்பம். எளிதில் கிடைப்பதையெல்லாம் அவர்கள் எடுத்துவிட்டார்கள். மண்ணிலிருந்து எடுக்கிற ஆக்டினோமைசீட்டுகளில் (ஸ்ட்ரெப்டோமைசிஸ் அடங்கிய பெரிய குடும்பம்) ஏறக்குறைய நூற்றில் ஒன்று ஸ்ட்ரெப்டோமைசின் செய்யும், ஆயிரத்தில் ஒன்று டெட்ராசைக்ளின் செய்யும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். டாப்டோமைசின் மாதிரி அரிய சரக்கு வேண்டுமென்றால் கோடியில் ஒன்று. ஆக, பாப்பாவின் தட்டில் விழுந்த வளையம் உங்கள் அப்பா காலத்து மருந்தாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்த லேபில் ஆரஞ்சு நிறம் கசியும் தட்டு ஒன்று வந்தாலே சீனியர்கள் 'ஆக்டினோமைசின்' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஷாட்ஸின் பேராசிரியர் வாக்ஸ்மன் 1940-லேயே எடுத்தது அது. எதிரே எது இருந்தாலும் கொல்லும், மனிதன் உட்பட. அதனால் ஆன்டிபயாடிக்காக ஆகாமல், குழந்தைகளின் சிறுநீரகப் புற்றுக்கு மருந்தாகப் போய்ச் சேர்ந்தது.

ஜூன் 15, மாலை

பாப்பாவிடம் கேட்க வேண்டியவை. எந்தக் கிருமியை எதிரே வைத்தாள்? கல்லூரிகளில் வழக்கமாக வைப்பது சண்டிகர் நுண்ணுயிர்ச் சேமிப்பகத்திலிருந்து வாங்கிய சாதுவான ஸ்டெஃபிலோகாக்கஸ், அதாவது சீழ்ப்புண் கிருமி. அதைச் சோப்புத் தண்ணீரும் கொல்லும். ஈ.கோலை, கிளெப்சியெல்லா மாதிரி இரட்டைச் சுவர் போட்ட வகைகள் மேல் வளையம் விழுந்ததா? அதுதான் இன்றைக்குத் தேவை. பாக்டீரியாவை நீக்கிவிட்டு, அது கசியவிட்ட சாற்றை மட்டும் எத்தில் அசிடேட் என்ற கரைப்பானில் பிரித்து வைத்தாலும் வளையம் வருகிறதா, இல்லை வெறும் அமிலம்தானா? ரத்தம் கலந்த அகார் கூழில் வைத்தால் சிவப்பணுக்களையும் உடைக்கிறதா? உடைத்தால் மருந்தாகாது.

இதற்கெல்லாம் பதில் வந்த பிறகு மூலக்கூறின் எடையை அளக்கிற கருவியில் ஏற்றிப் பழைய சரக்கோடு ஒப்பிட வேண்டும். அந்தக் கருவி எல்லாக் கல்லூரியிலும் இருக்காது, காசு கட்டி வெளியே அனுப்ப வேண்டும். ரிப்போர்ட்டில் தெரிந்த பெயர் வந்தால் அழக்கூடாது. பெரும்பாலும் தெரிந்த பெயர்தான் வரும்.

ஜூன் 19

'உரக்கடைக்காரருக்கு ஆன்டிபயாடிக் எதுக்கு' என்று கோபிக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். என் கடை அலமாரியைக் காட்டுகிறேன், வாருங்கள்.

மக்காச்சோளத்தில் படைப்புழு வந்த 2018-க்கு அப்புறம் உர மூட்டைக்குச் சமமாக விற்பது எமாமெக்டின் பென்சோவேட். அதன் தாய்ச்சரக்கு அவர்மெக்டின், ஜப்பானில் கவானா என்ற ஊரின் கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணில் சடோஷி ஓமுரா எடுத்த ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸ் செய்தது. அதற்குத்தான் 2015 நோபல் பரிசில் அவருக்குப் பங்கு. காங்கயம் மாட்டுக்கு உண்ணி, சொறி என்றால் கால்நடை டாக்டர் போடுகிற ஐவர்மெக்டின் ஊசியும் அதே வம்சம். பக்கத்தில் ஸ்பினோசாட்: கரீபியன் தீவு ஒன்றில் கைவிடப்பட்ட ரம் ஆலை மண்ணில் 1982-ல் கிடைத்தது. நெல்லில் இலையுறைக் கருகலுக்கு வாலிடமைசின், அதுவும் ஸ்ட்ரெப்டோமைசிஸ். பருத்திக்கும் நெல்லுக்கும் ஸ்ட்ரெப்டோசைக்ளின் என்று வாங்குவீர்களே, அந்தக் குட்டிப் பாக்கெட்டில் இருப்பது மனிதனுக்குப் போடுகிற ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும்தான். அது வயலில் தெளிக்கிற பொருளா என்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. கேட்பவர்களிடம் சொல்வேன், கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார்கள்.

மஞ்சளில் கிழங்கு அழுகலுக்கு ஈரோடு பக்கம் தொழுவுரத்தில் கலந்து போடுகிற சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் எல்லோருக்கும் தெரியும். மருந்துக்கடையில் சீழ்ப்புண்ணுக்குத் தருகிற முபிரோசின் களிம்பும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸின் ஒரு ரகம் செய்ததே. எரு மூட்டையில் ஒன்று, டியூபில் ஒன்று.

பொள்ளாச்சிக்காரர்களுக்கு இன்னொன்று. தென்னையில் தஞ்சாவூர் வாடல் வந்து அடிமரத்தில் செம்பழுப்புச் சாறு வடிந்தால் வேர் வழியே ஆரியோஃபங்கின் என்ற பூஞ்சை மருந்தைக் கட்டச் சொல்வார்கள். அதைக் கண்டுபிடித்தது எங்கோ வெளிநாட்டில் இல்லை, புனே பக்கம் பிம்ப்ரியில் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் என்ற அரசு நிறுவனத்தில், திருமலாச்சாரும் அவர் கூட்டாளிகளும், 1960-களில், ஒரு ஸ்ட்ரெப்டோமைசிஸிலிருந்து. பூஞ்சைக்கு ஹாமைசினும் அவர்கள் தந்ததே. என் சித்தப்பா தோப்பில் நானே கட்டியிருக்கிறேன். மரத்தைச் சுற்றி மெதுவாக மண்ணைப் பறித்துப் பென்சில் பருமனில் உயிருள்ள இளவேர் ஒன்றைத் தேட வேண்டும், செத்த வேர் உறிஞ்சாது. நுனியைச் சாய்வாகச் சீவி, 2 கிராம் ஆரியோஃபங்கின்-சால் மருந்தும் 1 கிராம் மயில்துத்தமும் 100 மில்லி தண்ணீரில் கரைத்து ஊற்றிய பாலித்தீன் பைக்குள் நுழைத்து, வேர் நுனி அடிவரை முங்கும்படி கட்டிவிட வேண்டும். நல்ல வேராக அமைந்தால் மறுநாள் பை சுருங்கிக் கிடக்கும். அமையவில்லையென்றால் பை அப்படியே தொங்கும், எறும்பு மிதக்கும், இன்னொரு வேர் தேட வேண்டும்.

இதனால்தான் உரக்கடைக்காரனுக்கு இதில் அக்கறை.

ஜூன் 20

'அப்ப எமாமெக்டின் குடிச்சா சளி போகுமா' என்று கேட்டவருக்கு: குடிக்காதீர்கள். அது புழுவின் நரம்பைப் பிடிக்கிறது. சளிக்கிருமிக்கு நரம்பு கிடையாது, உங்களுக்கு உண்டு.

ஜூன் 27

'மண்ணுல இருக்கற பாக்டீரியாவுல நூத்துல ஒண்ணுதான் தட்டுல வளருது, மீதி 99 என்னாச்சு' என்று அண்ணாவின் பாப்பாவே கேட்டனுப்பியிருக்கிறாள். இதுவரை வந்ததில் உருப்படியான கேள்வி இதுதான்.

அந்த மீதியைப் பிடிக்கத்தான் அமெரிக்காவில் நார்த் ஈஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கிம் லூயிஸும் ஸ்லாவா எப்ஸ்டைனும் ஐசிப் என்று ஒன்றைச் செய்தார்கள். அடி இல்லாத பணியாரச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். குழிக்கு ஒரு பாக்டீரியா வீதம் அகாரில் இறக்கி, இரண்டு பக்கமும் நுண்துளைச் சவ்வு ஒட்டி, எடுத்த மண்ணுக்குள்ளேயே திரும்பப் புதைத்துவிடுவது. மண்ணில் இருக்கிற சத்தும் சங்கேதமும் சவ்வு வழியே உள்ளே போகும், பாக்டீரியா வெளியே ஓடாது. மெய்ன் மாநிலத்துப் புல்வெளி மண்ணில் அப்படிச் சுமார் 10,000 வகை வளர்த்துத் தேடியதில் டெய்க்ஸோபாக்டின் கிடைத்தது, 2015-ல் அறிவித்தார்கள். கிருமி சுவர் கட்டுவதற்கு வைத்திருக்கும் மூலப்பொருளையே அது போய்ப் பிடித்துக்கொள்கிறது. மூலப்பொருளை மாற்றிக்கொள்வது கிருமிக்குச் சுலபமில்லை. 2023-ல் அதன் உறவுக்கார பாக்டீரியாவிலிருந்து குளோவிபாக்டின் வந்தது, வட கரோலினா மணலிலிருந்து. இரண்டுமே இரட்டைச் சுவர்க் கிருமிகளிடம் எடுபடவில்லை. டெய்க்ஸோபாக்டின் இன்னும் மருந்துக்கடைக்கும் வரவில்லை.

ஐசிப் இல்லாமலே கொஞ்ச தூரம் போகலாம் பாப்பா. பாக்டீரியாவுக்குத் தீனியான மீடியத்தைக் கஞ்சி மாதிரி கொழுக்க வைக்காதே, பத்தில் ஒரு பங்காக நீர்க்க விடு. அதே கொறங்காட்டு மண்ணை வேகவைத்து வடித்த தண்ணீரில் அகார் காய்ச்சு. ஒரு வாரத்தில் தட்டை எறிந்துவிடாதே. ஓரத்தைப் பாராஃபிலிம் என்ற மெழுகுத்தாளால் சுற்றி மாதக்கணக்கில் வை. முதலில் வருகிற தடியன்கள் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். பூஞ்சை ஏறாமல் இருக்க நிஸ்டாடின் கலந்துகொள். ஆடிக்காற்றில் லேப் ஜன்னலைத் திறந்து வைக்கிற அட்டெண்டர் எல்லாக் கல்லூரியிலும் ஒருவர் இருப்பார், அவரோடு பகைத்துக்கொள்ளாமல் ஜன்னலை மூடு.

ஜூலை 2

14-ஆம் தேதி எழுதியதைப் படித்துவிட்டு, 'எந்த மண்ணானாலும் ஒண்ணுதான்னு சொல்றீங்களா' என்று இரண்டு பேர் சண்டைக்கு வந்திருக்கிறார்கள். வளையத்துக்கு எந்த மண்ணும் போதும். அரிய சரக்குக்கு இடம் முக்கியம் என்றுதான் எனக்கும் படுகிறது. ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஷான் பிரேடி குழு தட்டே போடாமல், 2,000 இடங்களுக்கு மேல் இருந்து வந்த மண்ணின் டி.என்.ஏ.வை மட்டும் துழாவி 2018-ல் மலாசிடின் என்ற ஒன்றை எடுத்தது. ஒரு மண்ணில் இருக்கும் மரபணுத் தொகுப்புகளில் பல இன்னொன்றில் இருப்பதில்லை.

அப்படிப் பார்த்தால் கொறங்காடு மோசமில்லை. உழவு கிடையாது, பூச்சிமருந்து கிடையாது. கொழுக்கட்டைப்புல், வெள்வேல், கிளுவை, செம்மறிப் புழுக்கை, தலைமுறைக்கும் அதே இடத்தில். நானாக இருந்தால் மேல்மண்ணைத் தள்ளிவிட்டு ஒரு சாண் ஆழத்தில், கிளுவை வேரை ஒட்டி எடுப்பேன். வேரோரம் எப்போதும் அடிதடிதான்.

நொய்யல் கரையில் சாயம் ஊறிய மண்ணை எடுக்கலாமா என்று திருப்பூர்க்காரர் கேட்கிறார். எடுக்கலாம், உப்பையும் உலோகத்தையும் தாங்கும் பாக்டீரியா கிடைக்கும். ஆனால் உலோகத்தைத் தாங்கப் பழகியவற்றிடம் ஆன்டிபயாடிக்கைத் தாங்கும் மரபணுவும் சேர்ந்தே இருப்பது அடிக்கடி காண்பது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ஜூலை 9

தாங்கும் மரபணு என்றதும் பேச்சு கோழிக்குத் திரும்பிவிட்டது.

கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கும் மண் பாக்டீரியா தந்ததுதான், 1940-களின் கடைசியில் ஜப்பானில் எடுத்தது. சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று மனிதர்களுக்குக் கொடுப்பதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். கோழித் தீவனத்தில் அது தாராளமாகப் புழங்கியது. இதற்கிடையில் மற்ற மருந்துகளெல்லாம் கைவிட, ஆஸ்பத்திரிகள் பழைய கொலிஸ்டினைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. 2015-ல் சீனாவில் பன்றிகளிடமும் மனிதர்களிடமும் கொலிஸ்டினைத் தாங்கும் மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய வடிவத்தில் கிடைத்தது. இந்தியா 2019 ஜூலையில் உணவுக்கு வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தடை செய்தது.

மேலே சொன்ன சித்தப்பாவுக்குச் சிறுநீரில் தொற்று வந்து கோவையில் சேர்த்திருந்தோம். கல்ச்சர் ரிப்போர்ட்டை நான்தான் வாங்கி வந்தேன். இடதுபக்கம் மருந்துகளின் பெயர், வலதுபக்கம் ஒற்றை எழுத்து. ஆர், ஆர், ஆர் என்று தாள் முழுக்க இறங்கியது. ஆர் என்றால் எடுபடாது. நான் லேபில் ஆயிரம் முறை பென்சிலால் போட்ட எழுத்து அது. கடைசியில் கொலிஸ்டின்தான் ஏற்றினார்கள். சிறுநீரகம் கெடுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏற ஏற, டாக்டர் காலையும் மாலையும் அளவைக் குறைத்துக் கூட்டிக்கொண்டே இருந்தார். சித்தப்பா தேறிவிட்டார். தேங்காய் விலை பேசுகிறார்.

தாங்கும் மரபணுவை நாம்தான் படைத்தோம் என்றும் இல்லை. 30,000 வருடம் உறைந்து கிடந்த பனிமண்ணில் அவை இருந்ததை 2011-ல் காட்டினார்கள். மருந்து செய்கிற பாக்டீரியா தன் விஷத்தில் தானே சாகாமல் இருக்க மாற்றும் வைத்திருக்கத்தானே வேண்டும். மண்ணில் மூலையில் கிடந்ததை, மருந்தை வாரி இறைத்து முன்னுக்குக் கொண்டு வந்தது மட்டும் நம் வேலை.

ஜூலை 10

நாமக்கல்காரர் கோபப்பட்டிருக்கிறார்: எங்களது முட்டைக்கோழி, எடை கூட்டத் தீவனத்தில் மருந்து போடுவது கறிக்கோழிக் கதை, அது பல்லடம் பக்கம் என்கிறார். முட்டைக்கோழியும் கறிக்கோழியும் வேறு வேறு தொழில் என்பது சரி. பல்லடத்திலிருந்து பதில் வரும் வரை நான் நடுவில் வரவில்லை.

ஜூலை 18

பேட்டன்ட். ஒத்திப் போட்டுக்கொண்டே வந்தேன், அண்ணா விடுவதாக இல்லை.

எரித்ரோமைசின் மண்ணை 1949-ல் பிலிப்பைன்ஸின் இலாய்லோவிலிருந்து அமெரிக்கக் கம்பெனிக்கு அனுப்பியவர் அபெலார்டோ அகிலார் என்ற டாக்டர். ராயல்டி என்று அவருக்கு ஒன்றும் வரவில்லை. ஸ்ட்ரெப்டோமைசின் கண்ட ஷாட்ஸ் தன் பேராசிரியர் வாக்ஸ்மன் மேலேயே வழக்குப் போட்டு, 1950 சமரசத்தில் ராயல்டியில் 3 சதவீதம் வாங்கினார். 1952 நோபல் வாக்ஸ்மனுக்கு மட்டும். மண் கொடுத்தவர், தட்டு போட்டவர், பெயர் வாங்கியவர் எல்லாம் வேறு வேறு ஆட்கள்.

கம்பெனிக்காவது லாபமா என்றால் அதுவும் இல்லை. அகாஜென் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பிளாசோமைசினுக்கு 2018-ல் அனுமதி கிடைத்தது. 2019 ஏப்ரலில் கம்பெனி திவால். புது ஆன்டிபயாடிக் வந்தால் டாக்டர்கள் அதைக் கடைசிக்கென்று எடுத்து வைப்பார்கள், வைக்கவும் வேண்டும். விற்காத சரக்கை வைத்துக்கொண்டு எந்தக் கம்பெனி ஓடும்? சர்க்கரை மாத்திரை சாகும்வரை விற்கும், இது ஒரு வாரம்.

அதனால் பாப்பா இதைச் செய்யக்கூடாது என்று சொல்ல வரவில்லை. தோட்டத்தை அடமானம் வைத்துப் பேட்டன்ட் வக்கீலிடம் போகாதீர்கள் என்கிறேன்.

ஜூலை 26

அண்ணா எழுதியிருப்பது: 16எஸ் (பாக்டீரியா எந்தக் கூட்டம் என்று காட்டும் மரபணுச் சோதனை) பார்த்தாச்சாம், ஸ்ட்ரெப்டோமைசிஸ்தானாம். ஆனால் தட்டு மாற்றி மாற்றி வளர்த்ததில் வளையம் சுருங்கிக்கொண்டே வந்து இப்போது இல்லவே இல்லையாம். பாப்பா சாப்பிடவில்லையாம்.

சாப்பிடச் சொல்லுங்கள். இது எல்லோருக்கும் நடப்பது. இந்தக் கூட்டத்தின் குரோமோசோம் மற்ற பாக்டீரியாக்கள் போல வட்டமில்லை, நீளக் கயிறு, இரண்டு முனையும் லேசில் அறுந்துபோகும். லேபில் சுகவாசமாக வளர்க்க வளர்க்க ஆயுதத்தைக் கழற்றிப் போட்டுவிடும். முதல் தட்டிலிருந்து கிளிசரால் போட்டு உறையவைத்தது இருக்கிறதா என்று பார்க்கட்டும். இருந்தால் அங்கிருந்து மறுபடி.

ஆயுதம் போகாமல் தூங்குவதும் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசிஸ் சீலிகலர் என்ற வகையின் மரபணு முழுவதையும் 2002-ல் படித்தபோது, இப்படிச் சரக்கு செய்யும் தொகுப்புகள் 20-க்கும் மேல் இருந்தன. அதுவரை தட்டில் பார்த்தது அதில் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தீனியை மாற்றினால் சிலது எழுந்துகொள்ளும். ஒரே தீனியில் வளர்க்காமல் சோயா மாவு, நண்டு ஓட்டில் இருக்கும் கைட்டின் என்று மாற்றிப் போடு பாப்பா. பருத்திக்கொட்டை மாவும் போடலாம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஆன்டிபயாடிக் ஆலைகளின் பெரிய தொட்டிகளுக்கே அது தீனி. உங்கள் ஊர் மாட்டுக்கு வைப்பதை எடுத்து நன்றாக அரைத்துக்கொள். இல்லையென்றால் எதிரிக் கிருமியைப் பக்கத்திலேயே வளரவிடு. எதிரி இல்லாத இடத்தில் எதற்கு ஆயுதம்?

ஆகஸ்ட் 4

கிளிசராலில் இருந்ததை எழுப்பிப் பருத்திக்கொட்டையில் போட்டிருக்கிறாள். ஸ்டெஃபிலோகாக்கஸ் மேல் வளையம் திரும்பி வந்துவிட்டது, கிளெப்சியெல்லா மேல் எதுவும் இல்லை. சாற்றை எடை பார்க்க அனுப்பியாயிற்று, ரிப்போர்ட் வர நாளாகும். என் ஊகம் பழைய சரக்கு. அவளிடமும் அதையே சொன்னேன், 'சரிங்கண்ணா, பாக்கலாம்' என்றாள். இதற்குள் நீர்த்த மீடியத்தில் போட்ட தட்டுகளில் மிக மெதுவாக ஊசிமுனை அளவில் ஏதோ வந்திருக்கிறதாம், லூப்பில் எடுக்கவே வரவில்லையாம். அதை விடாதே என்றேன்.

நேற்று பதினெட்டுக்கு ஊருக்கு வந்தவள் கிளுவை வேர் மண்ணும் எடுத்துப் போயிருக்கிறாள். அண்ணா அதில் பாதியை வெளிநாட்டு லேப் ஒன்றுக்குக் கூரியரில் அனுப்பலாமா என்று கேட்கிறார். வேண்டாம். 2002 பல்லுயிர்ச் சட்டத்தில் நுண்ணுயிரும் அடக்கம். வெளிநாட்டுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் சென்னையில் இருக்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்திடம் முன் அனுமதி வாங்க வேண்டும், கல்லூரி வழியாகக் கேளுங்கள். மீதி மண்ணை என் கடைக்கு அனுப்பி வைப்பதாகச் சொன்னவர்களுக்கும் அதே பதில்: இங்கே இன்குபேட்டர் இல்லை, இருக்கிற ஒரே குளிர்பெட்டியில் காய்கறி விதை இருக்கிறது.